விரதத்துக்குள் வந்த தேதி

அளவு நாடாவை அர்ஜுனனின் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நல்லமுத்து ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். முப்பத்திரண்டு அங்குலம். டிசம்பரில் காவடிக்கு அளவெடுத்தபோது முப்பத்து நான்கு இருந்தது. அப்போது வளைத்து வைத்த அலுமினியப் பட்டை இப்போது இடுப்பில் நிற்காமல் நழுவியது.

"என்ன மாப்பிள்ள, பட்டைய மறுபடி வளைக்கணும் போல இருக்கே. ரெண்டு இஞ்சு எளச்சிருக்க."

"வெரதம் மச்சான். ஒரு வேளைதானே சாப்பாடு."

"அப்படித்தான் இருக்கணும். ஒடம்பு எளச்சாதான் காவடி ஏறும்."

டத்தோ கெராமட் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் நல்லமுத்துவுக்குப் பட்டறை இருந்தது. வருடத்தில் பத்து மாதம் அங்கே வாசற்கதவும் ஜன்னல் கம்பியும் பற்றவைப்பார். மார்கழி பிறந்தால் காவடி தவிர வேறு வேலை தொடமாட்டார். பதினெட்டு வருடமாக ஒரு காவடிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். யார் எப்போது மாலை போடுவது, யார் எதைச் சாப்பிடக் கூடாது, யாருக்கு எத்தனை வேல் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். அந்தச் சந்தில் சாமிக்கு அடுத்தபடி அவர் சொல்தான். ஒன்றிரண்டு வீட்டில் வரிசை மாறியும் இருந்தது.

அவர் கெட்டவர் அல்லர். அதைச் சொல்லியாகவேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பார். தன் ஒரே தங்கை மீனாட்சியை அர்ஜுனனுக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்து அவனையும் தம்பியைப் போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் நாலு பேர் தலையாட்டும் இடத்தில் பதினெட்டு வருடம் நின்றவனுக்கு, தனக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பது மறந்துபோகும். அது அவருக்கும் மறந்துபோயிருந்தது.

பட்டையை அவர் திரும்ப வளைத்துக்கொண்டிருந்தபோது மீனாட்சி வந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கி நேரே வருகிறாள் என்பது அவள் போட்டிருந்த நீலச் சட்டையில் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, நாளைக்குச் செவ்வாக்கெழம, பன்னண்டாந்தேதி. இவருக்கு ஆஸ்பத்திரி தேதி. அந்தக் குழாய எடுக்கணும்."

அர்ஜுனன் அட்டையைப் பார்க்காமல் அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான்.

நடந்தது இதுதான். போன அக்டோபரில் அர்ஜுனன் அக்கரைக்கு ஆளேற்றும் பெர்ரிப் படகில் வேலையில் இருந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் மஞ்சளித்திருந்தது. சிறுநீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பித்தப்பையிலிருந்து பயற்றம்பருப்பு அளவில் சில கற்கள் நழுவி, பித்தம் இறங்கும் குழலில் உட்கார்ந்துகொண்டு வழியை அடைக்கின்றன என்றார்கள். வாய் வழியாகக் கருவியைவிட்டு அவற்றை எடுக்கப் பார்த்தார் டாக்டர் கனகேஸ்வரி. கல் வரவில்லை. கடுங்காய்ச்சலில் கிடந்தவனை அதற்குமேல் படுத்துவது சரியில்லை என்று, ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அந்தக் கற்களைத் தாண்டிச் செருகி, பித்தம் இறங்க வழி செய்துவிட்டார். ஒரு வாரத்தில் அர்ஜுனன் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தான்.

அனுப்பும்போது டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தமிழரிடம் பேசும்போது வீட்டுத் தமிழிலேயே பேசிவிடுவார்.

"இது தற்காலிகக் குழாய், விளங்குதோ? கல்லு எல்லாம் சின்னன். குழாய் உள்ளுக்க இருக்கேக்க அது உரஞ்சி இன்னும் சிறுக்கும், சிலவேளை தானாகவும் விழுந்துபோகும். ஆனா குழாய் கனநாளைக்கு நிக்காது. மூண்டு மாசத்துக்குப் பிறகு அதுவே அடைச்சுக்கொள்ளும். அடைச்சால் கிருமி ரத்தத்தில ஏறும், உயிருக்கு ஆபத்து. நோவு இல்லாட்டியும் நீங்கள் வரவேணும். சுகமாக இருந்தாலும் வரவேணும்."

மனிதக் காது வினோதமானது. 'தானாகவும் விழுந்துபோகும்' என்பது அர்ஜுனன் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்தது விழவில்லை. மீனாட்சி மட்டும் முழுவதையும் கேட்டிருந்தாள். அவள் வேலையே அப்படி. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடியில் கணினிச் சில்லுகளைப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் எடுத்து ஒதுக்குகிறவள்.

அதே மீனாட்சிதான் அக்டோபரில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "தண்ணீர்மலை முருகா, இவர நடத்திக் கூட்டிட்டுப் போனா ஒனக்குக் காவடி எடுக்க வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள். அவன் நடந்து வந்தான். சந்தில் எல்லாருக்கும் சந்தோஷம். நல்லமுத்து அந்தக் கதையை வெள்ளிக்கிழமைதோறும் பூஜையில் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தக் கதையில் குழாய் மெலிந்துகொண்டே வந்து, கார்த்திகையோடு காணாமலே போய்விட்டது. டாக்டரும் கூடவே போய்விட்டார்.

இப்போது அட்டை மறுபடி வந்து நின்றது. நல்லமுத்து அதை வாங்கவில்லை.

"மாலை போட்டிருக்கான் மீனா. மாலையோட ஆஸ்பத்திரிக்குள்ள போவலாமா? ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் பிள்ளப்பேறு. ரெண்டும் தீட்டு. ஒரு எட்டு உள்ள வச்சா முப்பது நாள் வெரதம் போச்சு."

"டாக்டரம்மா வலி இல்லாட்டியும் வரச் சொன்னாங்கண்ணே."

"தைப்பூசத்துக்கு நாலு வாரங்கூட இல்ல. மூணு மாசம் இருந்த குழாய் இன்னும் நாலு வாரம் இருக்காதா? அதோட ஒண்ணு கேக்கறேன். காவடி எதுக்கு எடுக்கிறோம்? சாமி கொணப்படுத்துனான்னு. காவடிய எடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போயி, 'கொணமாயிருச்சான்னு பாருங்க'ன்னு நின்னா அது சாமிய சந்தேகப்படறது இல்லியா?"

நீட்டிய அட்டையை மீனாட்சி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நேர்ந்துகொண்டவள் அவள்தானே. அவள் புருஷனைப் பார்த்தாள். அவனோ தொண்டைக்குள் கருவி இறங்கிய அந்த நாளை நினைத்துத் தினமும் பயந்துகொண்டிருந்தவன். மச்சானே வேண்டாம் என்று சொன்னது அவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் ஆயிற்று.

"மச்சான் சொல்றது சரிதான் மீனா. எனக்கு ஒரு வலியும் இல்ல."

"போன் பண்ணி வேற தேதியாவது கேக்கட்டா?"

"பூசம் முடியட்டும்லா. நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார் நல்லமுத்து. அதோடு பேச்சு முடிந்தது. மீனாட்சி வீட்டுக்குப் போய் அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் இதில் பெரிய வம்பு. ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பார்கள். அடுத்த வாரம் அர்ஜுனனுக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுத்தது. காவி வேட்டியின் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அந்த ஒருவேளைச் சாப்பாடும் இறங்கவில்லை. விரதம் கூடிவருகிறது என்றார்கள். சிறுநீர் மறுபடி கறுத்துப் போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூஜை. சந்தின் கோடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அதை ஒட்டி இப்ராஹிமின் தேநீர்க் கடை. பூஜை நாளில் அவர் வானொலியை அணைத்துவிடுவார். குழுவின் இருபத்திரண்டு பேரும் மாலையும் காவியுமாக வந்து நின்றார்கள். சாம்பிராணி போட்டு, உறுமி இரண்டும் சேர்ந்து முழங்கத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் அர்ஜுனன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

முதலில் கை. பிறகு தோள். பிறகு பல்லோடு பல் மோதுகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. கண் மேலே செருகியது. நல்லமுத்து ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தார். கை வைத்த இடம் கொதித்தது.

"சாமி வந்திருச்சு. அடிப்பா நல்லா," என்று உறுமிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேருக்கு அருள் வந்து பார்த்தவர் அவர். ஆனால் சொந்த மாப்பிள்ளைக்கு, அதுவும் சாமி காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு, முதல் காவடிக்கு முன்பே வந்துவிட்டது என்றால் சும்மாவா? அவர் கண் நிறைந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதியை அள்ளிப் பூசினார்.

அர்ஜுனன் உதடு அசைந்தது. எல்லாரும் குனிந்தார்கள்.

"குளிருது," என்றான்.

நல்லமுத்து நிமிர்ந்து கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். "கோவணத்தோட மலையில நிக்கிறான்ல ஆண்டி, அதான் குளிருதுங்கறான். மஞ்சத்தண்ணி கொண்டாங்க. சாமி மலையெறங்கி வந்த சூடு தணியட்டும்."

வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை மூன்று குடம் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். குளிருகிறது என்று சொன்னவன் தலையில் மூன்று குடம் தண்ணீர். அவன் இன்னும் அதிகமாக நடுங்கினான். நடுங்க நடுங்க அருள் முற்றுகிறது என்று உறுமி வேகம் எடுத்தது. குழுவில் மூத்தவரான வள்ளியம்மா முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, என் மகளுக்குப் பாகான் டாலாம் மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. முடிச்சிரலாமா?" என்று கேட்டார். அர்ஜுனன் தலை முன்னும் பின்னும் ஆடியது. சாமி சம்மதித்துவிட்டது என்று அவர் சந்தோஷமாகப் பின்னால் நகர்ந்தார்.

மீனாட்சிக்கு அன்று கூடுதல் நேர வேலை. பேருந்து இறங்கி, உறுமிச் சத்தம் கேட்டு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். டப்பாவைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இது சாமி இல்ல."

"வாய மூடு மீனா. அபச்சாரம்."

"அக்டோபர்ல பெர்ரியில இருந்து எறக்கிக் கொண்டாந்தப்ப இப்படித்தான் நடுங்குனாரு. அப்ப யாரும் சாமின்னு சொல்லல. காய்ச்சல்னுதான் சொன்னீங்க."

உறுமி தானாக நின்றது. மீனாட்சி நீலச் சட்டையின் கையை இழுத்துப் பிடித்து, அவன் முகத்தில் வழிந்த மஞ்சளையும் விபூதியையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு கண்ணிமையை விரலால் விலக்கினாள். முகத்து மஞ்சள் சட்டையோடு வந்துவிட்டது. கண்ணில் இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது.

"பாருண்ணே. இதையும் நீ ஊத்துனியா?"

நல்லமுத்து பார்த்தார். தன் உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டார். அந்தக் கொதிப்பு இன்னும் அதில் இருந்தது. தொட்டபோதே கை சொன்னது. கேட்காதது அவர்தான்.

இப்ராஹிம் அதற்குள் கடையை அப்படியே போட்டுவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். "அண்ணே, சாமி வெவகாரம் எனக்குத் தெரியாது. காய்ச்சக்காரன் எனக்குத் தெரியும். ஏத்துங்க," என்றார்.

ஈர வேட்டியோடு அர்ஜுனனைத் தூக்கிக் கிடத்தினார்கள். மீனாட்சியோடு நல்லமுத்துவும் ஏறினார். மாலையைக் கழற்றவில்லை, செருப்பும் இல்லை. எந்த வாசலில் ஓர் எட்டு வைத்தால் விரதம் போய்விடும் என்று சொன்னாரோ அந்த வாசலில், மாப்பிள்ளையின் கால்களைத் தோளில் தாங்கிக்கொண்டு அவர் நுழைந்தார்.

அவசரப் பிரிவில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றினார்கள். வீட்டிலிருந்து டாக்டர் கனகேஸ்வரியை அழைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரிக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"பன்னிரண்டாம் திகதி வரச் சொன்னனான். ஏன் வரேல்லை?"

மீனாட்சி அண்ணனைப் பார்த்தாள். நல்லமுத்து முன்னால் வந்து, "வெரதம் டாக்டரம்மா. நாந்தான் வேணாம்னேன்," என்றார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். டாக்டருக்கு அதற்கு நேரமில்லை.

"குழாய் அடைச்சிட்டுது. சீழ் ரத்தத்தில ஏறியிருக்குது. மருந்து குடுத்துக்கொண்டே குழாயை மாத்தவேணும். செய்யிறன். ஆனா உறுதி எண்டு ஒண்டும் சொல்லமாட்டன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மரப் பெஞ்சில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அழுதிருந்தால், நாலு வார்த்தை ஏசியிருந்தால், அவர் சமாதானம் சொல்லியிருப்பார். அது அவருக்குக் கைவந்த வேலை. அவள் தன் சட்டைக் கையில் இருந்த மஞ்சள் கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஒன்கிட்ட கேட்டிருக்கக் கூடாதுண்ணே. டாக்டரம்மா என்கிட்டத்தான் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சதக் கொண்டாந்து ஒன்கிட்ட கேட்டேன் பாரு, அது என் தப்பு."

பதினெட்டு வருடம் குழுவை நடத்தலாம், ஊரே காலில் விழலாம். கூடப் பிறந்தவள் 'உன்னிடம் கேட்டதே தப்பு' என்று சொன்னபிறகு அதெல்லாம் எதற்கு ஆகும்?

அர்ஜுனன் பிழைத்தான். ஆனால் மயிரிழையில்தான். இரண்டு நாள் நினைவு தப்பிக் கிடந்தான். மூன்றாம் நாள் கண் திறந்து மீனாட்சியிடம் தண்ணீர் கேட்டான். ஐந்தாம் நாள் காலையில் டாக்டர் கனகேஸ்வரி நல்லமுத்துவை அழைத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினார். அதற்குள் பழைய குழாய் இருந்தது. அதன் துவாரம் முழுக்கக் களிமண்போல் பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. பக்கத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக மூன்று துணுக்குகள் கிடந்தன.

"இதுதான் அந்தக் கல்லு. பாருங்கோ, எவ்வளவு சிறுத்துப்போச்சு. குழாய் தன்ர வேலையைச் சரியாகத்தான் செய்திருக்குது. இந்தமுறை கல்லு தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாம் திகதி வந்திருந்தால், அரை மணித்தியாலத்தில எடுத்துப்போட்டுப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பன். இனிப் பித்தப்பையையும் எடுக்கவேணும், இல்லாட்டி திரும்பவும் கல்லு வரும். அதுக்கும் ஒரு திகதி தருவன்."

நல்லமுத்து குப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு வருடமாக மற்றவர்களுக்குப் பதில் சொன்னவர், அன்று ஒரு கேள்வி கேட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுக்காதீங்க. மாலை போட்டவங்க இங்க வந்தா தீட்டு இல்லீங்களா?"

டாக்டர் வெள்ளைக் கோட்டின் கழுத்தைக் கொஞ்சம் விலக்கினார். உள்ளே துளசிமணி மாலை தெரிந்தது.

"நானும் விரதம்தான் ஐயா. வருசா வருசம் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறனான். இந்த மாலையோடதான் உங்கட தங்கச்சியின்ர மனுசனுக்குக் குழாய் மாத்தினனான். தீட்டெண்டு அண்டைக்கு நான் வீட்டில இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?"

நல்லமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். அர்ஜுனன் இன்னும் வார்டில்தான் இருந்தான். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள எல்லாரும் வந்திருந்தார்கள். மீனாட்சியும் வந்து ஓரமாக நின்றாள். அண்ணனோடு அவள் இன்னும் சரியாகப் பேசவில்லை. உறுமிக்காரர் தோலைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். நல்லமுத்து கற்பூரத்தை ஏற்றாமல் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"மாப்பிள்ள காவடி இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம், டாக்டரம்மா சரின்னு சொன்னா," என்றார்.

வள்ளியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப போன வாரம் வந்தது சாமி இல்லியா தம்பி? என் மக கல்யாணத்துக்குத் தலையாட்டுச்சே."

எப்படியாவது பூசி மெழுகலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது உண்மைதான். சாமியும் வந்தது, காய்ச்சலும் வந்தது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்துப் பேசியிருக்கமாட்டார்கள். மீனாட்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. அது காய்ச்சல். செத்துக்கிட்டிருந்தான். குளிருதுன்னு வாயத் திறந்து சொன்னான், நான் தண்ணிய ஊத்துனேன். ஆஸ்பத்திரிக்குப் போவாதேன்னதும் நாந்தான். சாமி பேரச் சொல்லித் தடுத்தேன். சாமி அப்படி எதுவும் எங்கிட்ட சொல்லல."

தலைவர் ஒருவர் எல்லார் முன்னாலும் தன் தப்பைச் சொல்வது அந்தக் கோயிலில் இதுவரை நடக்காத காரியம்.

"மகள் கல்யாணத்த மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சு முடிங்கக்கா. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், எல்லாரும் உண்மையச் சொல்லணும். விரதம்னு ஆஸ்பத்திரி தேதியத் தள்ளிப்போட்டவங்க, மாத்தரைய நிறுத்துனவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

ஒரு கையும் எழவில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து குலசேகரம் கையை மெல்ல உயர்த்தினார். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்; துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தர்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணியாக இருந்தவர். அந்தக் குழுவிலேயே அதிகம் படித்தவர்.

"சீனி வியாதி மாத்திரை. மாலை போட்ட அண்டையில இருந்து நிப்பாட்டிட்டன். விரதத்தில இங்கிலீஸ் மருந்து கூடாது எண்டு நினைச்சன்," என்றார். "இரண்டு நாளா கண் மங்கலாக இருக்குது."

அவர் கை எழுந்ததும் மற்றக் கைகளுக்குத் துணிவு வந்தது. வள்ளியம்மா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். இன்னொருவர் காசநோய் மருந்தை. ஒரு பெண் ஸ்கேன் எடுக்கும் தேதியைத் தைப்பூசத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டிருந்தாள். நல்லமுத்து எண்ணினார். இருபத்தொரு பேரில் ஏழு கைகள். இவர்களில் பாதிப்பேர் தன்னிடம் வந்து கேட்டவர்கள், அவர்களுக்குத் தான் தலையாட்டியவர் என்பது இப்போது அவருக்கு நினைவு வந்தது.

"நான் சொல்லித்தான் நீங்க விட்டீங்க. இப்ப நாந்தான் சொல்றேன், கேளுங்க," என்றார். "விரதம்னா சோத்த விடறது, ஆசைய விடறது. மருந்த விடறது இல்ல. டாக்டர் குடுத்த தேதிக்குப் போறது சாமிய சந்தேகப்படறதும் இல்ல. நேர்ந்துக்கிட்டத இந்த வருஷம் முடியலன்னா மலையில இருக்கறவன் அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருப்பான். ஒடம்புக்குள்ள இருக்கற நோய் பூசம் முடியற வரைக்குங்கூட காத்திருக்காது."

உறுமிக்காரர் குச்சியை எடுத்தார். நல்லமுத்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப வேணாம். ஏழு பேரும் வீட்டுக்குப் போங்க. மாத்தரை உள்ளவங்க போட்டுட்டு வாங்க, அட்டை உள்ளவங்க எடுத்துட்டு வாங்க. குலசேகரம் ஐயா, கண்ணு மங்குதுன்னீங்க, நீங்க இப்பவே வேன்ல ஏறுங்க. எல்லாரும் வந்தப்புறந்தான் பூஜை."